வர்க்கமூலம் முடியும் இடம்

அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று நாங்கள் எல்லாரும் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு பஸ் நிறுத்தம் வரை நடந்து, அங்கிருந்தும் பார்த்தார். திரும்பி வந்து ஏணியில் நின்றவரிடம், "அண்ணே, அங்குட்டு இருந்து பார்த்தா பாதி எழுத்து தெரியல. கரண்டு கம்பி மறைக்குது. ஒரு முழம் கீழ எறக்குங்க" என்றார்.

நாலு ஆணியையும் அடித்து முடித்திருந்த அந்த மனிதர் என்னைப் பார்த்தார்.

"இங்க இருந்து நல்லாத்தானே தெரியுது டீச்சர்" என்றேன்.

"நமக்கு எதுக்கு சார் போர்டு? ஆபீசு எங்க இருக்குன்னு நமக்குத்தான் தெரியுமே."

பலகை ஒரு முழம் கீழே இறங்கியது.

அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடத்தில் அவர் வேலை பார்த்தது எட்டு மாதம்தான். பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக. அந்தப் பெயர் அவரோடு எங்கள் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. கணிதத்தில் முதுகலை படித்தவர். என்னைவிட ஒரு வயது சின்னவர். இளையாத்தங்குடிக்குப் போகும் வழியில் ஒரு ஊர். காலையில் டவுன் பஸ்ஸில் வருவார், சாயங்காலம் ஐந்தே காலுக்குப் போவார். யாரிடம் பேசினாலும் முகத்தை முழுதாக அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, உதடு நன்றாக அசையப் பேசுவார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் அம்மாவிடம் வளர்ந்த பிள்ளை.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் முன்கட்டில் எங்கள் நிறுவனம் இருந்தது. மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்குத் தபாலில் கணிதப் பாடம் அனுப்புவது தொழில். தபால் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகிறது என்று முதலாளி பாடங்களை இணையத்தில் ஏற்றச் சொன்னார். கணினிக்கு நான், கணிதத்துக்கு டீச்சர், எங்கள் இருவருக்கும் மேலே ஒரு பொறுப்பாளர். மதுரைக்குப் போன் போட்டு, மோடம் கீச்சிட்டு முடித்து, இணைப்புக் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

முதல் பாடத்தை நான் இரண்டே நாளில் முடித்தேன். கணிதக் குறிகளுக்கென்று இருந்த எழுத்துருவைப் போட்டு, தொகையீட்டுக் குறி, பை, வர்க்கமூலம் எல்லாவற்றையும் அச்சுப் புத்தகம் போலக் கொண்டுவந்திருந்தேன். பொறுப்பாளர் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். டீச்சர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"இந்த எழுத்துரு அவுக கம்ப்யூட்டர்ல இல்லாட்டி என்ன சார் தெரியும்?"

"எல்லாத்துலயும் இருக்கும் டீச்சர்."

பக்கத்தை ஒரு ஃபிளாப்பியில் போட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஊர்க்காரர் ஒருவர் ஒரு கல்லூரியின் கணினி அறையில் வேலை பார்த்தார். அங்கே வேறு வகைக் கணினி ஒன்று இருந்தது. மறுநாள் காலை, அதில் தெரிந்ததை அப்படியே பேனாவால் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். தொகையீட்டுக் குறி இருந்த இடங்களில் எல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஓ நின்றது. வட்டத்தின் பரப்பளவில் பை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்த ஓ மேல் விரலை வைத்து, "இதப் பார்த்தா ஏதோ கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிரும்" என்றார். விரலைப் பி மேல் நகர்த்தினார். "இதப் பார்த்தா தெரியாது சார். 'பி ஆர் ஸ்கொயர்'னே படிச்சு, 'பி ஆர் ஸ்கொயர்'னே பரீட்சையில எழுதுவாக. சரியா இருக்கிற மாதிரியே தப்பா இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அதே பேச்சுதான். கணிதத்துக்கென்றே இணையத்தில் ஒரு குறிமொழி வரப்போகிறது என்று நான் ஒரு பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். "வரும்போது வரட்டும். இந்த மாசப் பாடம் இந்த மாசம் போகணுமில்ல" என்றார். கடைசியில் ஒவ்வொரு சமன்பாட்டையும் ஒரு சின்னப் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டுவது என்று முடிவானது. படம் எந்தக் கணினியிலும் படமாகத்தான் தெரியும்.

அதையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. பொறுப்பாளரைக் கணினி முன்னால் உட்காரவைத்து, போன் வழியாக ஒரு பாடத்தைத் திறக்கச் சொன்னார். நாற்பது படம். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, சொட்டுச் சொட்டாக இறங்கியது. பொறுப்பாளர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். இன்னும் பதினோரு படம் பாக்கி.

"வெளிநாட்டுல இருக்கவுக பாதிப் பேரு படம் வராம நிறுத்தி வச்சிருவாக சார். அவுகளுக்கு இந்த எடத்துல வெறும் கட்டம்தான் தெரியும்" என்றார் டீச்சர்.

படம் வராத இடத்தில் அதற்குப் பதிலாகச் சில சொற்கள் தோன்றும்படி எழுதிவைக்க வழி இருந்தது. அதைச் சொன்னவன் நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் நாற்பது சமன்பாட்டுக்கும் அவர் பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு வாசிப்பு எழுதினார். எழுதியது சரிதானா என்று பார்க்க ஒரு முறையும் வைத்திருந்தார். நான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர் தான் எழுதியதை வாசிப்பார். கேட்டதை வைத்து நான் தாளில் சமன்பாட்டை எழுதுவேன். என் தாளும் படமும் ஒன்றாக இருந்தால் அது தேறியது. இல்லாவிட்டால் அவர் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். என்மேல் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"ரூட் தொடங்குது. உள்ள, எக்ஸ் பிளஸ் ஒன்னு. ரூட் முடிஞ்சுது. வெளிய, பிளஸ் ரெண்டு."

ரூட் எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் அவர் எந்த வரியையும் விட்டதில்லை. எழுதும்போது அந்தக் குறியின் மேல்கோடு எதுவரை போகிறதோ அதுவரை உள்ளே இருப்பது என்று கண்ணுக்குத் தெரியும். வாயால் சொல்லும்போது கோடு ஏது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இது நடக்கும். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். சில நாள், நன்றாகக் காதில் விழுந்ததையும் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறேன், இன்னொரு முறை வாசிப்பார் என்பதற்காக. அவர் தன் வரியை மூன்று தரம் மாற்றி மாற்றி எழுதுவார். பாவமாக இருக்கும். ஆனாலும் மறுநாளும் அப்படியே செய்வேன்.

ஒருநாள் அலுவலகம் கூட்டுகிற அக்கா கணினியின் வயரைத் துடைப்பத்தால் இழுத்துவிட்டார். நான் பாதி ஏற்றியிருந்த பாடம் போய்விட்டது. "நாளையில இருந்து இந்தப் பக்கமே வராதீங்க" என்று கத்தினேன். கணினி மேசைப் பக்கம் கூட்ட வேண்டாம் என்பதுதான் நான் நினைத்தது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் வந்து எதிரே நின்றார்.

"நீங்க என்ன நெனச்சுச் சொன்னீகன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கு வேல போச்சுன்னு கேட்டிருக்கு. அழுதுக்கிட்டே போறாக."

"நான் அப்படிச் சொல்லலையே டீச்சர்."

"சொல்லல. போய்ச் சொல்லிட்டு வாங்க."

கோவிலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அந்த அக்காவிடம், நாலு பேர் பார்க்க, நாளைக்கு அவசியம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் வாசலில் நின்று, நான் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் அவருடைய அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். காது கேட்காதவருக்குக் கண்ணும் போய்விட்டால் வீட்டில் பேச்சே நின்றுபோகும் என்ற பயத்தில் இருந்தார். நாலு நாள் விடுப்பு. போகும்போது ஒரு பாடத்தில் பதினோரு சமன்பாட்டுக்கு மட்டும் வாசிப்பு எழுதாமல் இருந்தது. "நீங்களே எழுதிருங்க சார். எழுதிட்டு யாரையாச்சும் உட்காரவச்சு வாசிச்சுப் பாருங்க" என்றார்.

என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். அப்பா இல்லாத வீடு. எல்லாம் என் தலையில். அன்று மாலை கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவரைப் பார்க்க வேண்டும். பதினோரு வரியையும் கால்மணி நேரத்தில் தட்டினேன். இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் காண்கிற சூத்திரம் அதில் ஒன்று. ரூட் ஆஃப் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர். அவ்வளவுதான் எழுதினேன். யாரையும் உட்காரவைக்கவில்லை. படம்தான் இருக்கிறதே, சொற்களை யார் படிக்கப்போகிறார்கள் என்று பாடத்தை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்ததும் கேட்டார். "வாசிச்சுப் பார்த்தீகளா?"

"பார்த்தேன் டீச்சர்."

மார்கழியில் மலேசியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் பெண். மத்தியான இடைவேளையில் அங்கிருக்கும் கணினியில், படம் வராமல் நிறுத்திவைத்து, பாடத்தைக் கையால் எழுதி எடுத்துப் படித்தாராம். நாங்கள் வைத்த தேர்வில் கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிவிட்டார். தேறியிருந்தால் மேற்பார்வையாளர் பயிற்சிக்கு எடுத்திருப்பார்கள். 'பாடத்தில் சொன்னபடிதான் செய்தேன். ஆறும் எட்டும் கொடுத்திருந்தீர்கள். ஆறின் வர்க்கத்துக்கு மூலம் ஆறு, அதோடு எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு, ஆக எழுபது. என் தப்பு எங்கே என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்' என்று குண்டு குண்டான தமிழ் எழுத்தில் கேட்டிருந்தார். இரண்டு வர்க்கத்தையும் கூட்டி வரும் நூறுக்குத்தான் மூலம் காண வேண்டும்; சரியான விடை பத்து.

டீச்சர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பாடத்தைத் திறந்து, படங்களை நிறுத்தி, அந்த வரியைப் பார்த்தார். அது அவர் எழுதிய வரியாக இருக்க முடியாது என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். வெளியாட்கள் திருத்தி அனுப்பிய விடைத்தாள் கட்டைப் பீரோவிலிருந்து எடுத்துப் பிரித்தார். இன்னும் நாலு பேர் எழுபது என்று எழுதியிருந்தார்கள்.

பொறுப்பாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "படத்துல சரியாத்தானே இருக்கு? பார்க்காதது அவங்க தப்பு" என்றார்.

"படத்தப் பார்க்க முடியாதவுகளுக்குத்தான் சார் சொல்லுல எழுதுனோம். சொன்னதத்தான் அவுக செஞ்சிருக்காக. மார்க்குப் போடணும். தப்பு நம்மளுதுன்னு எல்லாருக்கும் எழுதணும்."

"நிறுவனத்தோட பேரு என்னாகும்?"

"அஞ்சு பேரு தேறாமப் போயிருக்காக சார்."

பொறுப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அந்த வரிய எழுதுனது யாரு?"

நான் மோடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

"பாடம் என் பொறுப்பு சார்" என்றார் டீச்சர். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கே முதலாளிக்கு அவர் கைப்பட ஒரு கடிதம் போனது. ஐந்து பேருக்கும் மதிப்பெண் கிடைத்தது. மலேசியப் பெண் தேறினார். டீச்சருக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

கடைசி நாளும் ஐந்து மணி வரை பாடம் எழுதினார். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். சைக்கிள் கடை வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சைக்கிள் கடை, மருந்துக் கடை, எல்லாவற்றையும் தாண்டினோம்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாது சார். தப்பா நெனச்சுக்கிறாதீக. அன்னைக்குத்தான் அம்மாவ மதுரைக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

"பரவாயில்ல டீச்சர்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனியும் பொறுக்க முடியாமல் அவர் ஊருக்குப் போனேன். பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் வீடு எது என்று கேட்டதும் ஒருவர் கூடவே வந்து காட்டினார். அவருடைய அப்பா வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"பாப்பா இல்லையே தம்பி. ஒரிசாவுல சிஸ்டர்மாரு நடத்துற பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சராக் கூப்பிட்டாக. போயி இருவது நாளாச்சு. நீங்க?"

சொன்னேன். எங்கே வேலை பார்க்கிறேன் என்பதையும், எதற்கு வந்தேன் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியவன் நான் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார் அவர். "அன்னைக்கே வந்து சொல்லிருச்சே பாப்பா. 'அவுக வீட்டுல கல்யாணம் வச்சிருக்காக, இந்த நேரத்துல வேல போனா மாப்பிள்ள வீட்டுல என்ன நெனப்பாக'ன்னு சொல்லுச்சு. எனக்குக் கோவம்தான் தம்பி, பொய் சொல்லல. ஆனா அது செஞ்சா ரோசனை பண்ணித்தான் செய்யும்."

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா காப்பி கொண்டுவந்தார். அப்பா அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் யார் என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் பொறுப்பாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒரு நகலை முதலாளிக்கும் அனுப்பினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பக்கங்களை ஏற்ற வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பவில்லை. டீச்சருக்கு மட்டும், விருப்பமிருந்தால் திரும்ப வந்து சேரலாம் என்று ஒரு கடிதம் போட்டார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு அலுவலகப் போன் அடித்தது. இணையத்துக்கு எண் சுழற்றப் போனவன் அப்படியே எடுத்தேன்.

"சார், நான்தான்."

எதிர்முனையில் பஸ்ஸோ லாரியோ போகிற இரைச்சல். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எதுக்கு சார் சொன்னீக? நான் ஒருத்தி போனது பத்தாதா?"

"சொல்லாம இருக்க முடியல டீச்சர்."

"கல்யாணம் முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கா."

"அப்பச் சரி." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "அவுக கடுதாசி வந்துச்சு. நான் வரல சார். இங்க பிள்ளைக பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அதுகளுக்குப் புரியல. கணக்குப் போட்டுக் காட்டுனா மட்டும் புரியுது. இப்ப விட்டுட்டு வந்தா நல்லா இருக்காது."

"மத்தியானம் வாசிச்சுக் காட்ட இங்க யாரும் இல்ல டீச்சர்" என்று சொல்ல நினைத்தேன். பொறுப்பாளர் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். "சாப்பாடெல்லாம் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"சோறு கெடைக்குது. கொழம்புதான் ஒரு மாதிரி."

அந்தப் பக்கம் யாரோ புரியாத மொழியில் ஏதோ விற்றுக்கொண்டு போனார்கள்.

"வச்சிரவா சார்?" என்றார்.

கேட்டுவிட்டு அவர் உடனே வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது போய்ச் சேரும் தூரத்தில்தான் அவர் இருந்தார்.

"சரி டீச்சர்" என்றேன்.